நீலமேனி

நீலமேனி என்ற உடனே பக்தர்களுக்குப் பரவசம் பிறக்கும். கார்மேக வண்ணன் என்பர், கடல்வண்ணன் என்பர், கண்மூடிக் கைகூப்புவர். கல்லிலும் சுவரிலும் நீலம் தீட்டிக் களிப்பர். ஆனால், தான் பெற்ற குழந்தையின் உதட்டிலே நீலம் படர்வதைக் கண்ட தாய் களித்தாளில்லை, கதறினாள்! பால் குடிக்கும்போதே மூச்சு முட்டும். நகமும் நாக்கும் நாவற்பழம்போல் நிறம் மாறும். நடக்கக் கற்ற பிறகோ, நாலடி வைத்ததும் குந்தி உட்கார்ந்து மூச்சுக்குப் போராடும். அந்தக் குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள்.

அவளுக்கு ஊரார் என்ன கூறினர்?

முற்பிறப்பிலே செய்த பாவம் என்றனர் சிலர். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாய் என்றனர் வேறு சிலர். தலையெழுத்து, யாரால் மாற்ற முடியும் என்று தத்துவம் பேசிவிட்டுத் தட்சிணையுடன் நடையைக் கட்டினார் புரோகிதர். குழந்தை சாகும். பழி மட்டும் சாகாது. தாயின் தலையிலே உட்கார்ந்துகொள்ளும்!

தோழர்களே! அந்தக் குழந்தையின் தலையிலே எந்த எழுத்தும் இல்லை. கோளாறு இருந்தது நெஞ்சுக்குள்ளே. நுரையீரலுக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்களிலே! அந்தக் குழாய்கள் எப்படி அமைந்தன, எங்கே வழி தவறின, ஏன் தவறின என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதற்காக ஒருவன் எரிக்கப்பட்டான். கேட்கும் தகுதியே உனக்கில்லை என்று ஒருத்தி விரட்டப்பட்டாள். கேட்டு விடையும் கண்ட ஒருவன், தோலின் நிறத்துக்காகக் கூட்டித் துடைப்பவர்களின் வரிசையிலே நிறுத்தப்பட்டான். நீலமேனிக் குழந்தையின் உதட்டைச் சிவக்கவைத்தவர்கள் அவர்களே. அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலிலே, அமைப்பைப் பார்ப்போம்.

இதயம் ஒன்றல்ல, ஒட்டிவைத்த இரண்டு பம்புகள் என்றே கொள்ளலாம். உடலெங்கும் சுற்றி, உயிர்வளியை இழந்து, கறுத்து வரும் குருதியை வலப்பக்கம் வாங்கி, நுரையீரல் தமனி வழியே நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே மூச்சுக்காற்றிலிருந்து உயிர்வளியைப் பெற்றுச் செக்கச் சிவந்த குருதி இடப்பக்கம் வந்து, பெருந்தமனி வழியே உச்சி முதல் உள்ளங்கால் வரை பாய்கிறது. இரு பக்கத்துக் குருதியும் கலவாதபடி இடையிலே ஒரு தசைச்சுவர்.

கருவிலிருக்கும் குழந்தைக்கோ மூச்சு இல்லை. நுரையீரலுக்கு வேலையும் இல்லை. தாயின் குருதியிலிருந்தே அதற்கு உயிர்வளி கிடைக்கிறது. ஆகவே, நுரையீரல் தமனியிலே வரும் குருதியைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஓர் இணைப்புக் குழாய் இருக்கிறது. குழந்தை பிறந்து, வீறிட்டு, முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. குருதி அங்கே பாய்கிறது. ஓரிரு நாளிலே இணைப்புக் குழாய் சுருங்கி மூடுகிறது. சில வாரங்களில் வெறும் நாராகிவிடுகிறது.

இந்த அமைப்பிலே பிழை நேர்வதுண்டு. மூடவேண்டிய குழாய் மூடாமல் நிற்கும்; நுரையீரலிலே குருதி வெள்ளம்போலப் பெருகும். அல்லது, நுரையீரல் தமனி குறுகிப்போகும். நுரையீரல் வறளும், மேனி நீலம் பாயும். அல்லது, அந்தத் தமனி உருவாகாமலே போய், பெருந்தமனியிலிருந்து ஏதேதோ கிளைக்குழாய்கள் கோணல்மாணலாகப் புறப்பட்டு நுரையீரலுக்குள் நுழையும். பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இதயத்திலோ அதன் பெருங்குழாய்களிலோ ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. அரசன் மகனானாலும் ஆண்டி மகனானாலும் இந்தக் கோளாறு ஆளைப் பார்த்து வருவதில்லை.

இதைக் கண்டறிய மனிதனுக்கு எத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன! ஏன் பிடித்தன? அறிவு போதாமையாலா? அதனால் மட்டுமல்ல, ஏட்டிலே இருப்பதைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற கட்டளையாலும்தான்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவன் பெரிய அறிவாளி. விலங்குகளை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவன். ஆனால், வலப்பக்கத்துக் குருதி இடப்பக்கம் போவது எப்படி என்ற இடத்திலே வழுக்கி விழுந்தான். நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன, அவற்றின் வழியே குருதி கசிகிறது என்றான். கண்ணுக்குத் தெரியாதது எதுவாயினும், அதை நம்புவதிலே மனிதன் காட்டும் ஆர்வம் அலாதிதானே! கேலன் கேள்வி கேட்டவன். கேலனுக்குப் பின் வந்தோர் அவன் ஏட்டைப் பூசை அறையிலே வைத்துவிட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள், துளை இல்லாத சுவரிலே துளை இருப்பதாக ஆசான்கள் பாடம் சொன்னார்கள், மாணவர்கள் தலையாட்டினார்கள்.

ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை. கெய்ரோ நகரிலே மருத்துவராக விளங்கிய இப்னு அல் நபீஸ், 1242ஆம் ஆண்டு எழுதிய உரையிலே, சுவர் கெட்டியானது, அதிலே துளை கிடையாது என்று திட்டவட்டமாகக் கூறினார். வலப்பக்கத்துக் குருதி நுரையீரல் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இடப்பக்கம் திரும்புகிறது என்றார். அவர் இசுலாமியச் சட்டநூல் கற்ற சமயவாதிதான். ஆயினும் இதயச் சுவரைப் பற்றி எழுதுகையில் ஏட்டுக்கு அடங்காமல் எண்ணத்துக்கு மதிப்பளித்தார். அந்த உண்மையை உலகம் எத்தனை நாளில் ஏற்றது? அவருடைய உரை ஐரோப்பியர் கண்ணில் படாமல் கிடந்தது. 1924ஆம் ஆண்டு, ஜெர்மனியில் படித்துவந்த எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்திலே அதைக் கண்டெடுத்த பிறகுதான், நுரையீரல் சுழற்சியை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கூறிவிட்டார் என்று உலகம் அறிந்து வியந்தது.

அடுத்தவன் கதை வியப்பூட்டாது, வேதனையூட்டும். மைக்கேல் செர்வேட்டஸ் என்பது அவன் பெயர்; ஸ்பெயின் நாட்டான்; மருத்துவன். கடவுள் மூவராக ஒருவர் என்ற திருச்சபைக் கோட்பாட்டை மறுத்து, 1553ஆம் ஆண்டு ஒரு நூலை அச்சிட்டான். அந்தச் சமய நூலுக்குள்ளேதான், குருதி நடுச்சுவரின் வழியே செல்வதில்லை, நுரையீரல் வழியே நெடும்பயணம் செய்கிறது, அங்கேதான் நிறம் மாறுகிறது என்ற செய்தியையும் எழுதியிருந்தான்.

விளைவு? கத்தோலிக்கர் அவனைச் சிறையிலிட்டனர், தப்பி ஓடினான். ஆள் அகப்படாததால் அவனைப்போல உருவம் செய்து எரித்தனர். ஓடியவன் ஜெனீவா நகருக்குச் சென்றான். அங்கே ஆதிக்கம் செலுத்திய கால்வின், போப்பாண்டவரை எதிர்த்த சீர்திருத்தவாதி! ஆகவே அங்கே பாதுகாப்பு கிடைத்திருக்கும் என்று எண்ணுகிறீர்களா? 1553 அக்டோபர் 27ஆம் நாள், ஜெனீவா நகருக்கு வெளியே, அவனை உயிரோடு கட்டிவைத்துக் கொளுத்தினர். அவன் எழுதிய நூலையும் உடன் எரித்தனர். ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டிருந்த இரு சமயத்தாரும் ஒரு செயலிலே மட்டும் ஒற்றுமை காட்டினர், சிந்திப்பவனைச் சுட்டெரிப்பதிலே! அந்த நூலின் படிகளிலே தப்பிப் பிழைத்தவை மூன்றே மூன்று.

அவனைக் கொளுத்தியது குருதிச் சுழற்சியைப் பற்றிப் பேசியதற்காக அல்ல, சமயத்தை மறுத்ததற்காகத்தான் என்று சிலர் வாதிடக்கூடும். உண்மை! ஆனால், நெருப்புக்கு அந்த வேறுபாடு தெரியவில்லையே! சமயக் கருத்தோடு நுரையீரல் உண்மையும் சேர்ந்துதானே எரிந்தது!

ஆயினும் உண்மையை எரித்து முடிக்க முடியுமா? 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இதயம் எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது என்று கணக்கிட்டு, குருதி உடலெங்கும் சுற்றிச்சுற்றி வருகிறது என்று மெய்ப்பித்தார். தமனியிலிருந்து சிரைக்குக் குருதி தாவுவது எப்படி என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. 1661ஆம் ஆண்டு இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியிலே பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய குழாய்களைக் கண்டார். கேலன் தேடியதும் கண்ணுக்குத் தெரியாத வழிதான். மால்பிகி கண்டதும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத வழிதான். வேறுபாடு என்ன? முன்னவர் ‘நம்பு’ என்றார். பின்னவர் கருவியை நீட்டிப் ‘பார்’ என்றார்! மதத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய இடைவெளி!

நேர்வழி தெரிந்துவிட்டது. வழி தவறினால் என்ன ஆகும் என்பது தெளிய மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. 1888ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் பல்லோ, நீலம் பாய்ந்து இறந்தோரின் இதயங்களை ஆராய்ந்து, அவற்றிலே நான்கு கோளாறுகள் ஒன்றாகக் கூடியிருப்பதை எடுத்துக்காட்டினார். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கிறது. நடுச்சுவரிலே ஓட்டை இருக்கிறது. பெருந்தமனி அந்த ஓட்டைக்கு மேலே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் தாங்காமல் வலப்பக்கத் தசை தடித்திருக்கிறது. வழி அடைபட்ட கறுத்த குருதி, ஓட்டை வழியே பெருந்தமனிக்குள் புகுந்து உடலெங்கும் ஓடுகிறது. அதுதான் அந்த நீலம்! பாவமும் அல்ல, கிரகணமும் அல்ல.

ஆனால், நோய்க்குப் பெயர் கிடைத்ததே தவிர, மருந்து கிடைக்கவில்லை. இதயத்தைத் தொடுவதா, கத்தி வைப்பதா, கூடாது என்பதே அந்நாளைய மருத்துவத்தின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைத் திருத்தியவர்களிலே முன்னணியில் நின்றோர் பெண்கள். கனடா நாட்டு மாட் அபட் என்ற அம்மையாருக்கு, அவர் விரும்பிய மெக்கில் பல்கலைக்கழகம், பெண் என்பதால் மருத்துவப் படிப்பிலே இடம் தர மறுத்தது. வேறு கல்லூரியிலே பயின்று 1894ஆம் ஆண்டு மருத்துவரானார். மறுத்த அதே மெக்கில், பின்னர் தன் மருத்துவக் காட்சிச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் பணியை அவருக்குத் தந்தது. கண்ணாடிக் குடுவைகளிலே கிடந்த இதயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஆயிரம் நோயாளிகளின் பிறவி இதயக் கோளாறுகளை வகைப்படுத்தி, 1936ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். காட்சிப் பொருளாக இருந்தது அவர் கையிலே கல்வியாயிற்று!

மற்றொருவர் ஹெலன் டாசிக். 1898ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரிடம் என்ன கூறிற்று தெரியுமா? வகுப்பிலே உட்காரலாம், பட்டம் மட்டும் கேட்கக் கூடாது என்றது! நம் நாட்டிலே, தூர நின்று கேள், தொட்டுவிடாதே என்றார்களே, அந்தக் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் என்ன வேறுபாடு? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியிலே அவருக்கு இடம் கிடைத்தது. அதுவும் கருணையால் அல்ல. அந்தக் கல்லூரி தொடங்கப் பணமின்றித் தவித்தபோது, பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தால்தான் நிதி தருவோம் என்று பெண்கள் திரண்டு நிபந்தனை விதித்திருந்தார்கள். உரிமை, கேட்டு வாங்கப்பட்டது!

டாசிக் 1927ஆம் ஆண்டு மருத்துவரானார். 1930ஆம் ஆண்டு பால்டிமோர் நகரிலே குழந்தைகள் இதய மருத்துவப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அந்நாளிலேயே அவருக்குக் காது மந்தமாகி வந்தது. இதய மருத்துவரின் முதல் கருவி காது! அது கைவிட்டபோது, குழந்தையின் மார்பிலே விரல்களை வைத்துத் துடிப்பை உணரக் கற்றுக்கொண்டார். ஊடுகதிர்த் திரையிலே நுரையீரலைக் கூர்ந்து கூர்ந்து பார்த்தார். அப்படிப் பார்த்த கண்களுக்கு ஒரு விந்தை புலப்பட்டது.

நுரையீரல் தமனி அடைபட்ட சில குழந்தைகள் பிறந்தவுடன் அவ்வளவு நீலமாக இருப்பதில்லை. சில நாள் சென்ற பிறகே நீலம் கூடுகிறது, நிலை மோசமாகிறது. ஏன்? பிறந்தபின் மூடவேண்டிய அந்த இணைப்புக் குழாய் திறந்திருக்கும் வரையிலும், பெருந்தமனிக் குருதியிலே ஒரு பங்கு அதன் வழியே நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது மூடும் நாளே குழந்தைக்கு முடிவு நாள்! மற்றக் குழந்தைக்குக் கேடு செய்யும் குழாய், இந்தக் குழந்தைக்கு உயிர் தருகிறது. அப்படியானால், இயற்கை மூடிய வழியை நாமே செயற்கையாகத் திறந்தால் என்ன?

1938 ஆகஸ்ட் 26ஆம் நாள், பாஸ்டன் நகரிலே, ராபர்ட் கிராஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், தம் தலைமை மருத்துவர் ஊரில் இல்லாத நேரத்திலே, ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூடாதிருந்த இணைப்புக் குழாயைக் கட்டி மூடி, வெற்றி கண்டிருந்தார். டாசிக் அவரிடம் சென்றார். மூடத் தெரிந்த உங்களால், ஒரு வழியைத் திறந்துவிட முடியாதா என்று கேட்டார். கிராஸ் அதிலே நாட்டம் காட்டவில்லை. டாசிக் சோர்ந்துவிடவில்லை. ஆல்பிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவர் ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு வந்து சேர்ந்ததும் அவரிடம் அதே கேள்வியை வைத்தார்.

பிளேலாக்குடன் ஒருவர் வந்திருந்தார். விவியன் தாமஸ் என்பது பெயர். கருப்பினத்தவர், அடிமையாக இருந்தவரின் பேரன், தச்சர். மருத்துவம் படிக்க வேண்டுமென்று தச்சு வேலை செய்து காசு சேர்த்தார். 1929ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவிலே வேலை போயிற்று. பின்னர் வங்கி முறிந்து சேமிப்பும் போயிற்று. 1930ஆம் ஆண்டு பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்திலே உதவியாளராகச் சேர்ந்தார். இழைப்புளி பிடித்த கை, கத்தியும் ஊசியும் பிடித்தது. கல்லூரிப் பட்டம் பெறாதவர், நாளடைவிலே குருதிக் குழாய்களைத் தைப்பதிலே கல்லூரி முடித்தவர்களுக்கும் வழிகாட்டும் திறம் பெற்றார். ஆயினும், பதிவேட்டிலே அவர் எந்த வகுப்பு? கூட்டித் துடைப்போர் வகுப்பு! ஊதியமும் அதற்கேற்பத்தான். வீட்டுச் செலவுக்குப் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளிலே மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் அவர் செய்ததுண்டு. பகலிலே ஆராய்ச்சித் துணைவர், மாலையிலே ஏவலாள்! சாதி என்ற சொல் அங்கே இல்லை. நிறம் என்று அதற்கு வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். கழிப்பறைகூடத் தனித்தனி!

டாசிக்கின் கேள்வி தாமசின் மேசைக்கு வந்தது. அபட் அம்மையார் உருவாக்கிய வழியிலே, குடுவைகளிலிருந்த குழந்தை இதயங்களை எடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ 200 நாய்களை வைத்து, இரண்டாண்டுக் காலம் சோதனை செய்தார். முதலிலே நாயின் உடலிலே அந்த நீலத்தை உண்டாக்க வேண்டும். பிறகு அதை நீக்கிக் காட்ட வேண்டும். கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு பொருத்தித் தைக்கும் முறை உருவாயிற்று. குழந்தையின் குழாய் தீக்குச்சி பருமன். அதற்கேற்ற ஊசி கடையிலே கிடையாது. இருந்த ஊசிகளை வெட்டித் தேய்த்துத் தாமசே சிறிதாக்கினார்.

1944 நவம்பர் 29ஆம் நாள். பதினைந்து மாதமாகியும் ஏறத்தாழ நான்கு கிலோ எடையே இருந்த ஒரு பெண்குழந்தை மேசையிலே கிடத்தப்பட்டது. கத்தி பிடித்தவர் பிளேலாக். அருகே நின்றார் டாசிக். பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால், ஒரு முக்காலியின்மீது ஏறி நின்றார் விவியன் தாமஸ்! இந்த முறையை முழுமையாகச் செய்து பழகியவர் அவர் ஒருவரே. இந்த இடம் போதுமா, தையல் இந்தத் திசையிலா என்று பிளேலாக் கேட்கக் கேட்க, பின்னாலிருந்து பதில் வந்தது. வெள்ளை மருத்துவமனையின் அறுவை அறையிலே, கருப்பினத் தச்சர் ஒருவரின் சொற்படி கத்தி நகர்ந்தது. இதைவிடப் பெரிய புரட்சி ஓர் அறைக்குள் நடக்க முடியுமோ!

குழந்தை பிழைத்தெழுந்தது, நிறம் தெளிந்தது. ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் நீலம் படர்ந்து, இரண்டாம் அறுவைக்குப் பிறகு இறந்தது. அதை மறைப்பது அறிவியலின் பண்பு அல்ல. கோயிலிலே வேண்டுதல் பலிக்காவிட்டால் பக்தியிலே குறை என்பர். அறுவையிலே பலிக்காவிட்டால் முறையிலே குறை எங்கே என்று தேடுவர். தேடினர். 1945 பிப்ரவரியிலே ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்தபோது, பிடியைத் தளர்த்திக் குருதியைப் பாயவிட்ட அந்த நொடியிலே, நீலம்பாய்ந்த உதடுகள் சிவந்தன! மேசையின்மீதே, எல்லோர் கண்ணெதிரிலும்! பிறகு, உலகெங்கிலுமிருந்து பெற்றோர் தம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு விரைந்தனர்.

1945 மே மாதம் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அதிலே பிளேலாக், டாசிக் ஆகிய இருவர் பெயர்களே இருந்தன. அறுவைக்கும் அவ்விருவர் பெயரே நிலைத்தது. முக்காலிமேல் நின்றவர் பெயர்? இல்லை! 1971ஆம் ஆண்டுதான், அவரிடம் பயின்ற அறுவை மருத்துவர்கள் அவருடைய ஓவியத்தை அந்த மருத்துவமனையிலே திறந்துவைக்க ஏற்பாடு செய்தனர். 1976ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்திலே அல்ல, சட்டத்திலே! டாசிக் முழுப் பேராசிரியரானது 1959ஆம் ஆண்டு. புகழ் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு. ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டது புராணம் என்போர், இந்தக் காலத்துத் துரோணர்களையும் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த அறுவை முழுத் தீர்வு அல்ல. காலத்தை வாங்கிக் கொடுத்த தீர்வு. 1954ஆம் ஆண்டு மின்னசோட்டாவிலே லில்லஹை என்ற மருத்துவர், பல்லோ எடுத்துக்காட்டிய அந்தக் கோளாறுள்ள இதயத்தைத் திறந்து, ஓட்டையை அடைத்து, குறுகிய வழியை அகலப்படுத்தினார். 1970களின் நடுவிலே, இணைப்புக் குழாய் மூடிவிடாமல் காக்கும் மருந்து வந்தது. டாசிக் கண்ட உண்மை ஊசிமருந்தாயிற்று!

எஞ்சி நின்றது மிகக் கடினமான வகை. நுரையீரல் தமனி உருவாகாமலே போன குழந்தைகள்! கருவின் தொடக்கத்திலே, நுரையீரல் சிறு மொட்டாக இருக்கையில், அதற்குப் பெருந்தமனியிலிருந்தே சிறு குழாய்கள் குருதி தருகின்றன. நுரையீரல் தமனி வளர்ந்து வந்து சேர்ந்ததும் அவை மறைந்துவிடும். தமனி வந்து சேராவிட்டால், அந்தப் பழைய குழாய்களே தங்கிப் பெருத்துவிடும். ஒரு குழந்தைக்கு இரண்டு இருக்கும். மற்றொன்றுக்கு ஆறு இருக்கும். ஒன்று நேராகப் போகும், ஒன்று வளைந்து போகும். இரண்டு குழந்தைக்கு ஒரே அமைப்பு இருப்பதில்லை. சில குறுகிப்போகும்; அவை பாயும் பகுதி வாடும். சில அகன்றிருக்கும், பெருந்தமனியின் அழுத்தம் அப்படியே இறங்கி நுரையீரலின் நுண்குழாய்களைக் கெடுக்கும்.

1980ஆம் ஆண்டளவிலே இலண்டனில் ஷீலா ஹாவொர்த் அம்மையாரும் மெக்கார்ட்னியும் இந்தக் குழாய்கள் நுரையீரலின் எந்தப் பகுதிக்குப் போகின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து வரைந்தனர். 1992ஆம் ஆண்டு முதல், சான் பிரான்சிஸ்கோவிலே பிராங்க் ஹேன்லி, அந்தக் குழாய்களையெல்லாம் பெருந்தமனியிலிருந்து பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று தைத்து, ஒரே தமனியாக்கி, இதயத்தின் வலப்பக்கத்தோடு இணைக்கும் முறையை, ஒரே அறுவையிலே செய்யத் தொடங்கினார். வழி தவறிய குழாய்களை வெட்டி எறியவில்லை. அவற்றைக் கொண்டே நேர்வழி அமைத்தார்கள்! பல மணி நேரம் நீளும் நுட்ப வேலை அது. முன்பு நம்பிக்கையே இல்லாதிருந்த குழந்தைகள் அதனால் வளர்ந்து ஆளாகின்றனர்.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது? அதற்கும் விடை கிடைத்து வருகிறது. இவ்வகைக் குழந்தைகளிலே பலருக்கு 22ஆம் குரோமோசோமிலே ஒரு சிறு துணுக்கு இல்லாமலிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பெரும்பாலும் அது பெற்றோரிடமிருந்து வந்ததுகூட அன்று. கருத்தரிக்கையிலே புதிதாக நேர்ந்த பிழை. தாய் செய்த குற்றம் எங்கே? தந்தை செய்த குற்றம்தான் எங்கே? பாவ புண்ணியக் கணக்கு எழுதியோரின் பேரேட்டிலே இந்தத் துணுக்குக்கு ஒரு வரியேனும் உண்டா?

தடுக்கக்கூடிய காரணமும் ஒன்று உண்டு. அதுதான் நமக்கு மிக நெருக்கமானது. 1941ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவிலே நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 68 பேரின் தாய்மாருக்குக் கருவுற்ற காலத்திலே ரூபெல்லா என்னும் அம்மை கண்டிருந்தது. குழந்தைகளில் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. மூடாத இணைப்புக் குழாயும், குறுகிய நுரையீரல் தமனியும் அந்த அம்மையின் கைவரிசை என்பது பின்னர் உறுதியாயிற்று.

அம்மை! நம் ஊரிலே அம்மை கண்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பர், வேப்பிலை செருகுவர், கூழ் ஊற்றுவர். ஆத்தாள் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமி வந்திருக்கிறது. வயிற்றுக் குழந்தையின் நுரையீரல் குழாயை நெரிக்கிறது என்று 1941ஆம் ஆண்டே தடயம் கிடைத்துவிட்டது. தடுப்பூசி 1969ஆம் ஆண்டே வந்துவிட்டது. 2017 பிப்ரவரியிலே தமிழ்நாட்டின் பள்ளிகளிலே தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட முனைந்தபோது என்ன நடந்தது? ஊசியால் கேடு வரும் என்ற வதந்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது! படித்தவரும் பரப்பினர்! கிரகணத்துக்கு அஞ்சிக் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் அடைக்கும் கை, உண்மையான தடுப்பைக் கண்டு உதறுகிறது. கருவியைக் கையிலே வைத்துக்கொண்டு கேலன் காலத்துத் துளையை நம்பும் கூட்டம், இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே, தோழர்களே, நம் பணி ஓயவில்லை. பால் குடிக்கையிலே வியர்த்துச் சோரும் குழந்தை, உதடு நீலம் பாயும் குழந்தை எந்தத் தெருவில் இருந்தாலும், மந்திரிக்கக் கொண்டுபோகாதே, மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று சொல்ல அந்தத் தெருவிலே ஒருவர் வேண்டும். மூடாத இணைப்புக் குழாயைப் பெரும்பாலும் இன்று நெஞ்சைத் திறக்காமலே, தொடைக் குழாய் வழியாக மெல்லிய குழல் செலுத்தி மூடுகிறார்கள். ஏழைக் குழந்தைக்கு இது எட்டாது என்ற நிலையை மாற்ற, 2008ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு சிறார்க்கு இலவச இதய அறுவைத் திட்டம் கொண்டுவந்தது; 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. திட்டம் வந்துவிட்டது, அதை நோக்கித் தாயின் கால் நடக்க வேண்டும். விதி என்ற விலங்கு பூட்டிய கால் எப்படி நடக்கும்? அந்த விலங்கை உடைப்பது நம் வேலை.

ஒரு குழந்தையின் உதடு சிவக்க, எரிக்கப்பட்டவனின் சாம்பலும், விரட்டப்பட்டவளின் விரல் நுனியும், ஒதுக்கப்பட்டவனின் ஊசியும் தேவைப்பட்டன. இன்னும் எத்தனை தாமஸ்கள் நம் சேரிகளிலே தச்சு வேலை செய்துகொண்டிருக்கிறார்களோ! எத்தனை டாசிக்குகள் நம் அடுப்பங்கரைகளிலே புகை ஊதிக்கொண்டிருக்கிறார்களோ! அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவோம். நீலமேனி சிலையிலே இருந்துவிட்டுப் போகட்டும். நம் குழந்தைகள் சிவந்த இதழோடு சிரிக்கட்டும்!